கதவுக்காக எழுதிய எட்டுக் கட்டங்கள்

சினிமாப் பின்னணி இசையை மேடைக்கு எடுத்து வந்தால் முதலில் தெரிவது, அதற்கு முடிவே கிடையாது என்பதுதான். காட்சி அறுபடும் இடத்தில் இசையும் அறுபட்டிருக்கும். நாயகன் பேச வாய் திறந்தால் வயலின்கள் அடங்கியிருக்கும். அதை வாசித்தவர்கள் அடக்கியிருக்க மாட்டார்கள். ஒலிப்பதிவுக் கூடத்தில் இன்ஜினியர் ஒரு விரலால் இறக்கியிருப்பார். படத்தில் ஒற்றைப் புல்லாங்குழல் முப்பது வயலினை மீறிக் கேட்கும். அதே தாளை மேடையில் வைத்து வாசித்தால், குழல் வாசிப்பவரின் விரல்கள் அசைவது மட்டும்தான் தெரியும்.

அதனால் இசையமைப்பாளர்கள் உட்கார்ந்து திருத்துகிறார்கள். பாதி வயலின்களை நிறுத்துவார்கள். முடிவு இல்லாததற்கு ஒரு முடிவு எழுதுவார்கள். அவர்கள் திருத்துவதை ஒவ்வொரு கலைஞருக்கும் தனித்தனித் தாளாக எடுத்துக் கொடுப்பது என் வேலை. பார்ட் எழுதுவது என்போம்.

இந்த வேலைக்கு நான் படித்து வரவில்லை. அப்பா மத்திய அரசில் குமாஸ்தா. தில்லி மோதி பாக்கில் தமிழ்ப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டேன். பிறகு ரயில் போன ஊருக்கெல்லாம் போனேன். நாக்பூரில் லாரி கழுவினேன். கோவாவில் ஒரு சர்ச்சில் பெஞ்சு துடைத்தேன். சோறும் படுக்க இடமும் தந்தவர்கள், கிழிந்துபோன பாட்டுத் தாள்களைப் பார்த்துப் புதிதாக எழுதித் தரச் சொன்னார்கள். அர்த்தம் தெரியாமல் புள்ளிகளை வரைந்து வரைந்தே நோட்டேஷன், அதாவது இசைக்குறிப்பு, படிக்க வந்தது. அப்புறம் சென்னையில் ஸ்டுடியோ ஸ்டுடியோவாகப் பதினோரு வருடம். கம்ப்யூட்டர் வந்தபோது அதையும் கற்றுக்கொண்டேன். இப்போது மறுபடியும் தில்லி. ஒவ்வொரு தாளையும் மூன்று முறை சரிபார்ப்பேன். நாலாவது முறை பார்க்காமல் விட்டதில்தான் தப்பு இருக்கும் என்று பயந்துகொண்டே இருப்பேன். அரைப் படிப்புக்காரனுக்கு அந்தப் பயம் போகாது.

போன குளிர்காலம் சென்னையிலிருந்து ஓர் இசையமைப்பாளர் வந்தார். இரண்டு நாள், இரண்டு மாலைக் கச்சேரி; மேடையில் கை அசைத்து நடத்துபவரும் அவரே. வயலின்காரர்களை அவரே கூட்டி வந்தார். ஊதுகிற வாத்தியங்களில் சிலரை இங்கேயே எடுத்துக்கொள்ளலாம் என்றார். கிளாரினெட்டுக்கு நான் ஒரு பெயரைச் சொன்னேன்.

அவன் என் பள்ளித் தோழன். வேலூர்ப் பக்கத்துக் குடும்பம், பிறந்தது தில்லியில். அவன் அப்பா ராணுவ பேண்டில் கிளாரினெட் வாசித்தவர். மகன் இருபது வருடமாகக் கல்யாண ஊர்வலங்களில் வாசிக்கிறான். தோளில் பொன் நிறக் குஞ்சம் வைத்த சிவப்புக் கோட்டு, பின்னால் மாப்பிள்ளையின் குதிரை, அதற்கும் பின்னால் ஜெனரேட்டர் வண்டி. அவனுடைய மூச்சும் தொனியும் யாரும் குறை சொல்ல முடியாதவை. ஒரே சிக்கல், அவனுக்கு எண்ண வராது. ஊர்வலத்தில் யார் எண்ணுகிறார்கள்? மாஸ்டர் கையைத் தூக்கினால் ஆரம்பி, இறக்கினால் நிறுத்து.

மேடையில் அப்படி முடியாது. அவனுடைய தாளில் முப்பத்தெட்டு கட்டம் சும்மா இருக்கவேண்டும். கட்டம் என்பது தாளில் இரண்டு செங்குத்துக் கோடுகளுக்கு நடுவே உள்ள இடம். தொழிலில் பார் என்பார்கள். முப்பத்தெட்டு முடிந்ததும் அவன் மட்டும் எட்டுக் கட்டம் வாசிக்கவேண்டும். அரை நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதல். படத்தில் பல வருடம் கழித்து ஒருவன் வீடு திரும்புவான், கதவு திறக்கும், மனைவி நிற்பாள். கதவு திறக்கும்போது வருகிற கிளாரினெட் அது.

"முப்பத்தெட்டா? அரே, அதுக்குள்ள நான் ஒரு சாயா குடிச்சிட்டு வந்துருவேன்டா" என்றான்.

"எண்ணிக்கிட்டே இருக்கணும். தூங்கிட்டேன்னா என் தலைதான் போகும்."

"டென்ஷன் மத் லே, கவலைய விடு. ஏதாவது நிஷானி போட்டுக் குடு, பக்காவா பிடிச்சுக்கறேன்."

அடையாளம் போட்டுக் கொடுத்தேன். அவன் நுழைவதற்குச் சற்று முன்னால் புல்லாங்குழல் ஒரு சின்ன வரி வாசிக்கும். மனைவி மாடிப்படி இறங்கி வரும் இடம். அந்த வரியை அவன் தாளில் சிவப்புப் பென்சிலால் பொடியாக எழுதி, 'இது கேட்டு முடிந்ததும் நீ' என்று தமிழில் போட்டேன். நீண்ட ஓய்வு இருக்கிற தாள்களில் இப்படிச் செய்வது வழக்கம்தான். ஆனால் கம்ப்யூட்டரில் செய்யாமல் கையால் செய்தேன். நண்பனுக்கு மட்டும் தனியாக எழுதித் தந்தது தெரிந்தால், எண்ணத் தெரியாதவனைக் கூட்டி வந்திருக்கிறேன் என்பார்களோ என்று பயம்.

கச்சேரி அன்று மதியம் கடைசி ஒத்திகை. இசையமைப்பாளர் பாதியில் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"டெல்லி, இங்க வாப்பா." என்னை அப்படித்தான் கூப்பிடுவார். "இந்த இடத்துல படத்துல என்ன நடக்குது?"

"அந்தம்மா படி இறங்கி வர்றாங்க சார்."

"இங்க யாருய்யா இறங்குறா? ஸ்டேஜ்ல படியும் இல்ல, அம்மாவும் இல்ல. சும்மா இழுக்குது. பன்னெண்டு பாரைத் தூக்கு."

முன்வரிசை வயலின்காரர் ஒருவர், "சார் அம்மாவை லிஃப்ட்ல இறக்கிட்டாரு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

அவர் தூக்கச் சொன்ன பன்னிரண்டில்தான் அந்தப் புல்லாங்குழல் வரி இருந்தது. எனக்கு அது உறைக்கவில்லை. உறைக்க நேரமும் இல்லை. நாலு மணிக்கு அரங்கத்தில் விளக்கு வேலை செய்பவர்கள் வந்துவிட்டார்கள், மறுபடி வாசித்துப் பார்க்க இடம் கிடைக்கவில்லை. லேப்டாப்பில் வெட்டி, எண்களை மாற்றி, துண்டுத் தாள்கள் அச்செடுத்து, நாற்பது ஸ்டாண்டுகளிலும் ஒட்டிக்கொண்டு போனேன். கிளாரினெட் தாளில் 38 மீது 26 என்ற துண்டை ஒட்டினேன். மூன்று முறை சரிபார்த்தேன். கம்ப்யூட்டரில் இருந்ததெல்லாம் சரியாக இருந்தது. சிவப்புப் பென்சில் கம்ப்யூட்டரில் இல்லை.

மாலை, பக்கத் திரைக்குப் பின்னால், எல்லோருடைய வரிகளும் ஒன்றாக உள்ள முழு ஸ்கோரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அந்த உருப்படி ஆரம்பித்தது. கிளாரினெட்டுக்காக நானும் எண்ணினேன். பதினெட்டு, பத்தொன்பது. சட்டைப் பையில் ஏதோ குத்தியது. எடுத்துப் பார்த்தேன். சிவப்புப் பென்சில்.

அவன் எண்ணிக்கொண்டிருக்கவில்லை, புல்லாங்குழலுக்காகக் காத்திருக்கிறான். அது இனி வரப்போவதில்லை. இருபத்தொன்று. நான் திரை ஓரத்தில் கையை ஆட்டினேன். அவன் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான், மிகவும் நிம்மதியான முகத்தோடு. இருபத்து நாலு. ஓடிப்போய் முதுகைத் தட்ட முடியுமா? முன்னால் நிறைந்த அரங்கு. இருபத்தாறு. இசையமைப்பாளரின் இடது கை அவன் பக்கம் திரும்பி நீண்டது. அவன் நிமிரவில்லை.

வயலின்கள் மட்டும் மெல்லிய சுருதி போல நீண்டுகொண்டிருந்தன. அந்தக் கை இரண்டு கட்டம் காற்றில் நின்று, பிறகு மெதுவாக இறங்கியது. எட்டுக் கட்டமும் அப்படியே போயின. சபையில் யாரும் இருமக்கூட இல்லை. பக்கத்து ஆள் தாளைத் திருப்பிய பிறகுதான் அவனுக்குத் தெரிந்தது. என் பக்கம் திரும்பி 'க்யா ஹுவா?', என்ன ஆச்சு என்று வாயசைத்தான்.

முடிந்ததும் கலைஞர்களின் அறையில் என்னைப் பிடித்தான்.

"பான்சுரி, அந்தக் குழல், வரவே இல்லடா! லால் பென்சில்ல நீதானே எழுதிக் குடுத்தே?"

"அது வெட்டுப்பட்ட இடத்துல போயிடுச்சு. நான் அழிக்க மறந்துட்டேன். தப்பு என்னோடது."

அடிப்பான் என்று நினைத்தேன். "சல், விடு" என்றான். "கல்யாணத்துல ஒருதடவ மாப்பிள்ளையே வேற சந்துக்குப் போயிட்டான். நாங்க இந்தக் கல்லில ஊதிட்டு நின்னோம். நாளைக்குக் கரெக்ட் பண்ணிக் குடு. நாளைக்குத்தான் உன் பாபி, என் வீட்டுக்காரி வரா, மச்சான் வரான். இருபது வருஷமா ரோட்டுலயே ஊதறேன்னு சொல்லிக் காமிப்பான் சாலா. குர்சில உக்காந்து ஊதறதப் பாக்கட்டும்."

"பண்ணிடறேன்" என்றேன். அங்கேயே ரப்பரால் சிவப்பு வரியை அழித்தேன். தாள் கொஞ்சம் கிழிந்தது.

ஆனால் அவனை மாற்றிவிட்டு வேறு ஆளைப் போடுவார்களோ என்ற பயம் போகவில்லை. காலையில் முதல் வேலையாகச் சாணக்யபுரிக்குப் போனேன். இசையமைப்பாளர் அங்கே விருந்தினர் இல்லத்தில் தங்கியிருந்தார். இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பென்சில், புல்லாங்குழல், நண்பன் என்பது, அவனுக்கு எண்ண வராது என்பது. அவன்மேல் ஒரு தப்பும் இல்லை என்று இரண்டு முறை சொன்னேன்.

"உக்காருய்யா. இட்லி சாப்பிடுறியா?"

"வேணாம் சார். இன்னைக்குச் சரியா வாசிச்சிடுவான்."

"நேத்து அந்த இடம் கேட்டியா நீ?"

கேட்டேன் என்று எப்படிச் சொல்வது? எனக்குக் கேட்டது என் நெஞ்சு அடித்துக்கொண்டது மட்டும்தான்.

"நான் கேட்டேன்" என்றார். "மொதல்ல கோவம்தான் வந்துச்சு. மூணாவது பார்லயே கோவம் போயிடுச்சு. அந்தக் கிளாரினெட்டை எதுக்கு எழுதினேன் தெரியுமா? டைரக்டர் கேட்டாரு. கதவு திறக்குறப்ப ஏதாவது வேணும் சார்னாரு. கதவுக்காக எழுதினது. கதவே இல்லாத எடத்துல அது எதுக்கு? வெறும் வயலின் நிக்கட்டும். நேத்து வந்ததுதான் சரி. எடுத்துடு."

"சார், அவனுக்கு இருக்கிற ஒரே சோலோ அது."

"தெரியுது."

"வீட்டுக்காரங்க எல்லாம் இன்னைக்கு வர்றாங்க சார்."

அவர் கையைத் தட்டின் மேலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். கடுமை இல்லை. "நானும் பாட்டுப் போட்டு வெட்டுப்பட்டவன்தான்யா. மத்த எடத்துல வாசிக்கட்டும், நல்லா வாசிக்கிறான். நீ தப்பு பண்ணலேன்னா எனக்கு இது தெரிஞ்சிருக்காது, போ" என்றார். பாராட்டுப் போலத்தான் சொன்னார்.

விருந்தினர் இல்லத்திலிருந்து அரங்குக்குப் பஸ்ஸில் போகாமல் நடந்தே போனேன். சீக்கிரம் போய்ச் சேர மனம் இல்லை. வாசலுக்கு வெளியே டீக்கடையில் அவன் நின்றிருந்தான். கறுப்புக் கோட்டை இஸ்திரி போட்டு, கசங்காமல் கையிலேயே மடித்து வைத்திருந்தான். ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

"எட்டும்?"

"எட்டும்."

"தண்டனையா?"

"இல்லடா. நேத்து நல்லா இருந்துச்சாம்."

"நான் ஊதாதது நல்லா இருந்துச்சா?" சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. "அச்சா ஹை. உன் பாபிக்கு ஃபோன் பண்ணி, எந்தப் பாட்டு, எப்ப வரும் எல்லாம் சொல்லிட்டேன். எட்டு மணிக்கு முன்னாடி வரும், வீடியோ எடுன்னேன்."

"மாத்திச் சொல்லிடேன்."

"என்னன்னு சொல்றது?" டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனான்.

அன்று மதியம் அவன் தாளில் அந்த எட்டுக் கட்டத்தின் மேல் வெள்ளைத் துண்டை ஒட்டினேன். இருபத்தாறும் எட்டும் சேர்த்து, ஓய்வு 34. கையால் எதையும் எழுதவில்லை. பென்சிலை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன்.

மாலை அதே திரை ஓரம். நாலாவது வரிசையில் அவன் மனைவியும் மச்சானும் இருந்தார்கள். பளபளக்கும் பட்டுப் புடவை, மேலே ஸ்வெட்டர். அந்த உருப்படி தொடங்கியதுமே அவள் போனை உயர்த்திப் பிடித்துவிட்டாள். நான் எண்ணத் தொடங்கினேன். இப்போது எனக்கு வேறு பயம். வாசித்துவிடுவானோ? எட்டுக் கட்டமும் அவனுக்கு மனப்பாடம். துண்டுத் தாள் ஒட்டினால் மறந்துபோகுமா? வாசித்துவிட்டால் அத்தோடு அவனுக்கும் எனக்கும் இந்த வேலை முடிந்தது.

எண்ண வராத அவனுடைய உதடுகளும் அன்று எண்ணிக்கொண்டிருந்தன. இருபத்து நாலில் கிளாரினெட்டை மடியிலிருந்து எடுத்தான். இருபத்தைந்தில் உதட்டில் வைத்தான். இசையமைப்பாளர் கண்ணை உயர்த்தி அவனைப் பார்த்தார். அவர் கை அசையவில்லை.

இருபத்தாறு முடிந்தது. சரியாக அந்த இடத்தில், அரைத் தட்டுக்கூடப் பிசகாமல், அவன் விரல்கள் தொடங்கின. தோள் உயர்ந்தது, புருவம் மேலே போனது. சத்தம் வரவில்லை. வயலின்கள் மட்டும் நீண்டுகொண்டிருந்தன. அவன் ஊதாமல் வாசித்துக்கொண்டிருந்தான். எனக்கு அந்தத் தாள் தெரியும் என்பதால் விரலைப் பார்த்தே சுரம் தெரிந்தது; ஒன்றுகூடத் தப்பில்லை. மூச்சு எடுக்கவேண்டிய இடத்தில் எடுத்தான். எட்டாவது கட்டத்தின் கடைசிச் சுரத்தைக் கொஞ்சம் நீட்டிப் பிடித்துவிட்டு, வாத்தியத்தை மடியில் இறக்கினான்.

நாலாவது வரிசையில் அவள் போனை இறக்கி, எடுத்ததைப் பக்கத்திலிருந்த அண்ணனிடம் காட்டினாள். அவன் குனிந்து பார்த்துவிட்டு மெச்சுவது போலத் தலையை ஆட்டினான்.

நான் திரைக்குப் பின்னால் அடுத்த உருப்படியின் தாள்களை எடுத்துச் சரிபார்க்க ஆரம்பித்தேன். அன்று நாலாவது முறையும் பார்த்தேன்.