ஆளில்லாத காருக்கு எதற்கு ஏசி?

மின்சாரக் கார் வாங்கிய முதல் கோடையில், ஏசியை அணைத்துவிட்டு, நான்கு கண்ணாடிகளையும் ஏற்றிவிட்டு, மந்தைவெளிக்கும் அடையாறுக்கும் இடையே வெந்துகொண்டே போய்வந்தவன் நான். ஏசி பழுதாகவில்லை. ஏசி ஆகாது என்று டாக்டரும் சொல்லவில்லை. இதைச் சிக்கனம் என்று நம்பினேன். கண்ணாடியையாவது இறக்கியிருக்கலாமே என்றால், திறந்த ஜன்னல் வழியே புகும் காற்று வண்டியைப் பின்னுக்கு இழுக்கும் என்று எங்கோ படித்திருந்தேன். நெடுஞ்சாலையில் பறப்பவர்களுக்காக எழுதியது அது. மெட்ரோவுக்காகத் தோண்டிப்போட்ட லஸ் பக்கம் என்னை ஒரு எருமை நிதானமாக முந்திக்கொண்டு போனபோதும், நான் காற்றின் எதிர்ப்பைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு எண். ஸ்டியரிங்குக்குப் பின்னால், மிச்சமிருக்கும் சார்ஜில் இன்னும் எத்தனை கிலோமீட்டர் போகலாம் என்று காட்டும் எண். என் வயதுக்காரர்கள் சர்க்கரை அளவைப் பார்க்கிற மாதிரி நான் அதைப் பார்ப்பேன். ஏசியைப் போட்டால் அது சட்டென்று பத்துப் பதினைந்து இறங்கும். அணைத்தால் ஏறும். உட்கார்ந்த இடத்திலிருந்தே, ஒரு பொத்தானைத் தட்டிப் பதினைந்து கிலோமீட்டர் சம்பாதிப்பதில் ஒரு போதை இருந்தது. அந்தப் பதினைந்து கிலோமீட்டரை வைத்துக்கொண்டு எங்கே போகப்போகிறேன் என்று நான் யோசித்ததில்லை. வீட்டிலிருந்து நான் போகும் மிகத் தொலைவான இடம் திருவான்மியூர்.

ஆகவே ஒரு முறை வகுத்திருந்தேன். உள்ளே தாங்க முடியாமல் போனால் ஏசியைப் போட்டு, வெப்பநிலையைக் கடைசிப் படிக்கு இறக்கி, விசிறியை முழு வேகத்தில் வைப்பேன். பற்கள் தந்தியடித்ததும் அணைத்துவிடுவேன். மறுபடி வேர்த்தால் மறுபடி போடுவேன். மனைவி உடன் வரும் நாட்களுக்கு ஒரு திருட்டு வழியும் இருந்தது. விசிறியை ஓடவிட்டு, குளிரூட்டும் பொத்தானை மட்டும் அமுக்கி அணைத்துவிடுவேன். காற்று வரும், சத்தம் வரும், குளிர் வராது. வெயில் அதிகம் என்று அவள் வெளியே பார்த்துச் சொல்வாள். ஆமாம் என்பேன்.

இது அம்பலமானது, அவளுடைய அக்கா பெண்ணின் நிச்சயதார்த்தத்தன்று.

எங்கள் பக்கத்துச் சடங்குகளில் பருப்புத் தேங்காய் என்று ஒன்று உண்டு. பெயரில்தான் தேங்காய். கூம்பு வடிவத் தகரக் கூட்டில் வெல்லப்பாகில் பிசைந்த பொட்டுக்கடலையை அடைத்து, இறுகியதும் கூட்டை உருவி, தட்டில் ஜோடியாக நிறுத்துவார்கள். சின்னக் கோபுரங்கள் மாதிரி இரண்டும் நேராக நிற்க வேண்டும். இப்போது லட்டில் செய்கிறார்கள், மிக்சரில்கூடச் செய்கிறார்கள். அக்கா பெண்ணுக்குச் சாக்லேட்டில் வேண்டும் என்று ஆசை. அவள் அம்மா, அதாவது அக்கா, சமையல் காண்ட்ராக்டரிடமே சொல்லிவிடலாம் என்றாள். தங்கை, அதாவது என் மனைவி, நானே பண்ணித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டாள். அதற்கு அக்கா, "சரிடி, ஆனா அது நிக்கணும்" என்றாள். அந்த 'ஆனா' எங்கள் வீட்டில் ஒரு வாரம் தங்கியிருந்தது. முதல் ஜோடி கூட்டை உருவும்போதே உடைந்தது. இரண்டாவதை நான் ருசி பார்க்க நேர்ந்தது. மூன்றாவது ஜோடி, முந்திரி தூக்கலாக, தங்கத் தாள் சுற்றிக்கொண்டு, குளிர்பெட்டியில் மற்ற எதற்கும் இடமில்லாமல் நின்றது. மாப்பிள்ளை வீட்டார் முன்னால் அது நின்றாக வேண்டும். அக்கா முன்னால் இன்னும் நேராக நின்றாக வேண்டும்.

கத்திரி வெயில். மாலையில் தி.நகரில் ஒரு மண்டபத்தில் நிச்சயதார்த்தம். மதியமே கிளம்ப வேண்டும். மனைவி புடவை கட்டப் போகும்முன் என்னிடம் ஒரே ஒரு வேலை சொன்னாள். கார் சார்ஜரில் இருக்கும்போதே போனிலிருந்து ஏசியைப் போட்டு உள்ளே குளிர வைத்துவிட வேண்டும். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆளில்லாத காருக்கு எதற்கு ஏசி? நான் செய்தது வேறு. தட்டை ஏற்ற வசதியாக இருக்கட்டும் என்று சார்ஜரைப் பிடுங்கி, வண்டியை நிழலிலிருந்து எடுத்து, வாசலில் முழு வெயிலில் நிறுத்திவைத்தேன். குளிர வைத்தாச்சா என்று உள்ளேயிருந்து கேட்டாள். ஆச்சு என்றேன்.

அவள் பின்சீட்டில் ஏறி, தட்டை மடியில் வைத்துக்கொண்டு, "என்னது இது, அடுப்பு மாதிரி கொதிக்கறது?" என்றாள். வெயிலில்லையா, இதோ குளிர்ந்துவிடும் என்று சமாளித்து, ஏசியை முழு வீச்சில் விட்டேன். எண் மளமளவென்று இறங்கியது. லஸ் வருவதற்குள் அவளுக்கு அக்காவிடமிருந்து போன் வந்தது. தட்டு பத்திரமா, கிளம்பியாச்சா, நிக்கறதா என்று மறுமுனையில் விசாரணை. நான் மெதுவாகக் கைநீட்டிக் குளிரூட்டும் பொத்தானை அமுக்கினேன். எண் ஏறியது. என் மனமும் ஏறியது.

ஆழ்வார்பேட்டை தாண்டி, தேனாம்பேட்டை சிக்னலில் நின்றோம். நிற்கிற வண்டியில் கண்ணாடி வழியே இறங்கும் வெயிலுக்கு ஒரு குணம் உண்டு. நேராக மூக்கின்மேல் உட்காரும். பக்கத்தில் நின்ற ஆட்டோ டிரைவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியை இறக்கச் சொல்லிச் சைகை செய்தார். வழி கேட்கிறார் போலும் என்று இறக்கினேன்.

"இன்னா சார், ஏசி புட்டுக்கிச்சா? மூஞ்சில வேர்வ ஊத்திக்கினு கீது. பின்னால அம்மா வேற பாவம், கையில ஏதோ சாய்ஞ்சிக்கினு கீது பாரு."

பின்னால் பேச்சு நின்றது. பின்பார்வைக் கண்ணாடியில் பார்த்தேன். இரண்டு கோபுரங்களில் ஒன்று, ரகசியம் சொல்ல வருவதுபோல் மற்றதன் பக்கம் குனிந்திருந்தது.

"அக்கா, நான் அப்புறம் பேசறேன்" என்றாள் மனைவி. பிறகு என்னிடம், "ஏசி ஓடறதா?"

"விசிறி ஓடறது."

எனக்குத் தெரிந்த ஒரே பரிகாரத்தைச் செய்தேன். வெப்பநிலையைக் கடைசிப் படிக்கு இறக்கினேன். விசிறி ஊளையிட்டது. எண் சரிந்தது. ஐயோ என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். கோபுரத்துக்காகச் சொன்னதாக அவள் நினைத்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

சிக்னல் தாண்டியதும், ஒரு மரத்தடியில் ஓரங்கட்டச் சொன்னாள். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அவள் உத்தரவு. எல்லாக் கதவையும் திறந்து, உள்ளே அடைந்திருந்த சூட்டை முதலில் வெளியே விட வேண்டும். விட்டேன். மூட வேண்டும். மூடினேன். ஆட்டோ என்று எழுதியிருக்கும் பொத்தானை அமுக்க வேண்டும். அதுவரை அதை நான் தொட்டதே இல்லை. எனக்குப் பதிலாக ஒரு இயந்திரம் யோசிப்பதை நான் விரும்புவதில்லை.

"இருபத்து நாலு வைங்கோ. வச்சாச்சா? இப்போ கையை எடுங்கோ."

"முதல்ல பதினாறு வச்சா சீக்கிரம்..."

"கையை எடுங்கோ. வண்டி குடுக்கும்போதே அந்த ஷோரூம் பொண்ணு இதைத்தான் சொன்னா. நீங்க டிக்கி எவ்வளவு பெரிசுன்னு அளந்துண்டிருந்தேள்."

கையை எடுத்தேன். எண் முதலில் இறங்கத்தான் செய்தது. விசிறி பெரிதாக இரைந்தது. பிறகு, உள்ளே குளிர்ந்ததும், யாரும் சொல்லாமலே அது குரலைத் தாழ்த்திக்கொண்டது. கம்ப்ரெஸரும் அடங்கி, வந்த குளிரைக் காப்பாற்றும் அளவுக்கு மட்டும் உழைத்தது. எண் அப்படியே நின்றது. வண்டி முதலில் பாடுபடுவதே வெந்துபோன உட்புறத்தைக் குளிர்விக்கத்தான்; நானோ ஒவ்வொரு சிக்னலிலும் உட்புறத்தை மறுபடி வேகவைத்து, அந்த வேலையைத் திரும்பத் திரும்ப அதன் தலையில் கட்டியிருக்கிறேன். வீட்டு மின்சாரத்தில் இருக்கும்போதே குளிர வைத்திருந்தால் இந்த முதல் இறக்கம்கூட பேட்டரியைத் தொட்டிருக்காது. ஒரு கோடை முழுவதும் வேர்த்துச் சேமித்தது அநேகமாக ஒன்றுமில்லை. ஒரே லாபம், எடை கொஞ்சம் குறைந்திருந்தது.

மண்டபத்தில் அக்கா வாசலிலேயே நின்றாள். மனைவி அவளைத் தாண்டி உள்ளே போய், தட்டைத் திருப்பி, குனிந்த பக்கம் சுவரைப் பார்க்கும்படி வைத்தாள். ஆனாலும் கோபுரம் நம்பிக்கை தரவில்லை. தாளுக்குள் இன்னும் இளகலாக இருந்தது. கல்யாணத் தேதியை அறிவிக்கும் லக்ன பத்திரிகையை வாசிக்கப்போகிறார்கள். தட்டு மாற்றிக்கொள்ளும்வரை அது தாக்குப்பிடிக்க வேண்டும். மனைவி என் காதருகே வந்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன்.

"பின்னாடி உக்காந்து ஒரு விரலால பிடிச்சுக்கோங்கோ."

பிடித்துக்கொண்டேன். லக்ன பத்திரிகை வாசித்து முடிக்கும்வரை, பெண்ணின் சித்தப்பாவாகிய நான் தட்டின் பின்னால் பயபக்தியுடன் அமர்ந்து, சீரை ஆசீர்வதிப்பதுபோல் ஒரு விரலை நீட்டிக்கொண்டிருந்த காட்சி எல்லாப் புகைப்படங்களிலும் இருக்கிறது. மாப்பிள்ளையின் அம்மா இரண்டு முறை என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். நல்ல மனிதர், எவ்வளவு ஈடுபாடு என்று நினைக்கிறார் போலும் என்று எடுத்துக்கொண்டேன். கையும் மரத்துப்போனது. மண்டபத்து ஏசியை யாரோ விவரம் தெரிந்தவர் வைத்திருந்தார். ஒரே சீரான குளிர். கொஞ்சம் கொஞ்சமாக விரலுக்கடியில் சாக்லேட் இறுகுவது தெரிந்தது. தட்டைத் தூக்கும் நேரத்தில் விரலை எடுத்தேன். மூச்சையும் நிறுத்திக்கொண்டேன். சற்றே குனிந்தபடி, ஆனால் விழாமல், அது கை மாறியது. அக்கா தங்கையைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். ஒரு வாரம் எங்கள் வீட்டில் தங்கியிருந்த 'ஆனா' அந்த நிமிஷம் புறப்பட்டுப் போயிற்று.

நிம்மதி வந்தால் எனக்குப் பேச்சும் வந்துவிடும். டிபனின்போது மாப்பிள்ளையின் அப்பாவிடம், மின்சாரக் காரில் ஏசியை எப்படிக் கையாள வேண்டும் என்று விளக்கினேன். கிளம்பும்முன்பே குளிர வைத்துவிட வேண்டும், நிழலில் நிறுத்த வேண்டும், ஆட்டோவில் போட்டு இருபத்து நாலில் வைத்துவிட்டு மறந்துவிட வேண்டும், சும்மா சும்மா நோண்டுகிறவர்கள்தான் சார்ஜை வீணாக்குகிறார்கள் என்று, பல கோடைகளின் அனுபவம் போன்ற குரலில் சொன்னேன். ரவா கிச்சடி ஆறும்வரை அவரும், பக்கத்து இலையில் அவர் மனைவியும் கேட்டுக்கொண்டார்கள். எதிர் வரிசையில் என் மனைவி இலையிலிருந்து தலை நிமிரவே இல்லை. தோள் மட்டும் குலுங்கியது.

விடைபெறும்போது மாப்பிள்ளையின் அம்மா என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். பருப்புத் தேங்காய் அத்தனை அழகு, கல்யாணத்துக்கும் நீங்களேதான் செய்ய வேண்டும் என்றார். அக்காவும் பக்கத்தில் இருந்து அதைக் கேட்டாள். என் மனைவியின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்து நாளாயிற்று. எனக்கும் அதில் ஒரு விரல் அளவு பங்கு உண்டு என்று நானும் அருகே போய் நின்றேன்.

அந்த அம்மாள் தட்டைப் பார்த்தார். தங்கத் தாளில், கோபுரத்தின் முதுகில், என் ஆள்காட்டி விரலின் குழி அப்படியே பதிந்திருந்தது. பிறகு என்னைப் பார்த்தார்.

"பண்றது நீங்க பண்ணிடுங்கோ," என்றார் என் மனைவியிடம். "எடுத்துண்டு வர்றதுக்கு நாங்க வண்டி அனுப்பிடறோம்."