இறால் ஏன் சிவக்கிறது?

சட்டியில் இறால் சிவக்க ஆரம்பித்தால் எனக்கு இந்த வயதிலும் ஆத்திரம் வருகிறது, என் மேலேயே.

எங்கள் ஏரிக்கரை ஊரான பசியாவரத்தில் அக்கா, ஏரியில் கையால் தடவிப் பிடித்த இறாலை வேகவைக்கும்போது ஒருநாள் கேட்டாள்: "சாம்பலா இருந்தது வெந்தா ஏன்டா செவக்குது? மாசாமாசம் நீ படிக்கிற அறிவியல் புக்குக்கு எழுதிப் போடு." நைனா அவளைப் பள்ளிக்கே அனுப்பவில்லை. அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். கீழே என் பெயரைப் போட்டேன்.

கேள்வி பதிலோடு அச்சில் வந்தது. வாத்தியார் வகுப்பில் இதழைத் தூக்கிக் காட்டினார். நைனா ஊரெல்லாம் பீற்றிக்கொண்டார். நான் அதை அக்காவின் கண்ணில் படாமல் ஒளித்தேன். ஊர்வாய் அவளிடம் சொல்லிவிட்டது. "வா விஞ்ஞானி, இறால் உரிக்க வரியா?" என்றாள். அதற்குப் பிறகு என்னிடம் அவள் எதையும் கேட்டதில்லை.

இன்று அடுப்பை அணைத்துவிட்டு அவளுக்குப் போன் செய்தேன். "அது உன் கேள்வினு அந்தப் பத்திரிகைக்கு எழுதறேன்க்கா."

"இந்தக் கெயவிக்கு இப்போ பேரு இன்னாத்துக்குடா?" என்று சீறினாள். "ஏன் செவக்குதுனு பதில் போட்டிருந்தான்ல? அத இன்னிவரைக்கும் எனுக்கு சொன்னியா நீ? மொதல்ல அத சொல்லு."

எனக்குத் தெரியவில்லை. அன்று அந்தப் பக்கத்தில் என் பெயரை மட்டும்தான் படித்திருந்தேன்.