பின்சீட்டில் ஒரு பிரேக்

தாண்டிக்குடியிலிருந்து கீழே இறங்கும் ஜீப்பில் அவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஒல்லி உடம்பு, தலையில் குரங்குக் குல்லாய். ஒவ்வொரு வளைவிலும் வலது காலால் தரையை ஓங்கி அமுக்கினார்.

"பிரேக்கு டிரைவர்கிட்டதாண்ணே இருக்கு" என்றேன்.

"அவரு மறந்துட்டாருன்னா?"

பிரஷர் பார்க்கப் போகிறாராம். இந்தத் தடவையும் குறையாவிட்டால் இன்னொரு மாத்திரை என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். "உப்பையே விட்டுட்டேங்க. எறங்க மாட்டேங்குது."

"காலை எடுங்க, எறங்கிரும். பாரத்தை முருகன்கிட்ட விட்ருங்க. நான் அப்படித்தான்."

"அவருக்கு எத்தனை ஜீப்பு இருக்கு. இந்த ஒண்ணையாவது நான் பாத்துக்கிறேனே."



சாயங்காலம் திரும்பும் ஜீப்பிலும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கையில் புது மாத்திரை. முகம் வாடிக் கிடந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை.

"கொஞ்சம் கண்ணசருங்கண்ணே. மேல போற வரைக்கும் நான் அமுக்குறேன்."

"ஒரு வளைவையும் விட்ற மாட்டீங்கள்ல?"

"முருகன் மேல சத்தியமா."

உடனே என் தோளில் சாய்ந்து குறட்டை விட்டார். சத்தியத்துக்குப் பயந்து எல்லா வளைவிலும் அமுக்கினேன். ஊரில் இறங்கியபோது என் கால் நடுங்கியது. "நல்லா வந்து சேத்துட்டீங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அப்புறம் அவரைப் பார்க்கவில்லை. இப்போதும் வளைவு வந்தால், முருகா என்று வாய் சொல்வதற்குள் என் கால் அமுக்கிவிடுகிறது.