சிறந்த கிக்கருக்கு என் வாக்கு

எங்கள் வீட்டில் அமெரிக்கன் ஃபுட்போல் பார்க்கத் தொடங்கியதற்கு விளையாட்டு ஆசை காரணமில்லை, குளிர்தான் காரணம். எண்பதுகளின் நடுவில் லண்டன் லூயிஷாமில் நாங்கள் இருந்த மேல்மாடி ஃப்ளாட்டில் ஒரே ஒரு அறையில்தான் ஒழுங்கான ஹீட்டர் இருந்தது. டீவியும் அதற்குள்தான். ஞாயிறு மாலையில் என் கணவரும் அவருடைய தம்பியும் அங்கே ஒன்றாக இருந்தே ஆக வேண்டும். ஆனால் இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. இலங்கையில், ஊரில் இருந்தபோது ஆளுக்கொரு போராளி இயக்கத்தின் பக்கம் நின்றவர்கள். நான் கலியாணம் கட்டி வந்த புதிதில், ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வாய் முற்றி, சோற்றுக் கோப்பை பறந்து, அன்றோடு பேச்சு நின்றது. நான் சமைத்த ஒரே கறியை இருவரும் சாப்பிட்டார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல்.

டீவியில் ஞாயிறுதோறும் அந்த விளையாட்டைக் காட்டினார்கள். அதில் மட்டும் இருவருக்கும் ஒரே பைத்தியம். சீசன் முடிகிற நேரம் அமெரிக்கப் பத்திரிகைக்காரர்கள் வாக்குப் போட்டு, ஒவ்வோர் இடத்துக்கும் அந்த வருசத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் யார் என்று அறிவிப்பார்கள். பந்தை எறிகிற குவார்ட்டர்பேக்குக்கு ஒருவர், அவருக்குக் காவல் நிற்கும் கார்டுகள் இருவர், டாக்கிள்கள் இருவர், பந்தைக் காலால் அடிக்க மட்டும் உள்ளே வரும் கிக்கர் ஒருவர் என்று முழு அணியே இருக்கும். ஆனால் அந்த அணி ஒருநாளும் சேர்ந்து ஆடுவதில்லை, பெருமைக்காக மட்டும்தான். அந்தச் செய்தி வந்த பேப்பரை என் கணவர் தான் வேலை செய்த கடையிலிருந்து கொண்டுவருவார். அது வருவதற்கு முதல் எங்கள் வீட்டிலும் ஒரு தேர்தல் நடக்கும்.

எல்லாம் எனக்கூடாகத்தான்.

"இஞ்சரும், அவனிட்டச் சொல்லும், அந்தக் கார்ட் தடியன் போன வருசம் நல்லா நிண்டவன், இந்த வருசம் ஒண்டுக்கும் உதவான் எண்டு."

அவன் இரண்டடி தள்ளித்தான் இருப்பான். "அண்ணி, உங்கட அவரிட்டச் சொல்லுங்கோ, கண்ணாடியை மாத்தச் சொல்லி."

அண்ணை என்ற சொல் அவன் வாயில் வரவே வராது. கார்டையும் டாக்கிளையும் நான் சுமந்துகொண்டு நடுவில் இருப்பேன். இருவரும் ஒத்துவராத இடத்தில் மூன்றாவது வாக்கு என்னுடையது. ஒருமுறை கணவருக்கு, மறுமுறை தம்பிக்கு என்று மாறி மாறிப் போட்டு வீட்டைக் காப்பாற்றினேன்.

தொண்ணூறுகள் பிறந்த கையோடு தம்பிக்குக் கனடா போக அனுமதி கிடைத்தது. பேசாமலே போய்விடுவானோ என்ற பயம் என்னைத் தின்றது. போனால் பிறகு எந்த ஹீட்டர் இவர்களை ஒன்றாக இருத்தப் போகிறது? கணவரிடம் கெஞ்சினேன். "அவன் கதைச்சால் நானும் கதைப்பன்" என்றார். தம்பியிடம் போனேன். சொல்லி வைத்தது போல அதே பதில். இரண்டு பேருக்கும் கன்னத்தில் ஒவ்வொன்று போட்டால் என்ன என்று இருந்தது.

அந்த வருசத்துத் தேர்தலில் கடைசியாகக் கிக்கர் மிஞ்சினான். கணவர் ஒருவனைச் சொன்னார், தம்பி வேறொருவனைச் சொன்னான். முறைப்படி என் வாக்கு தம்பிக்குப் போக வேண்டும். எனக்கு எல்லாம் அலுத்துப்போயிருந்தது.

"உங்கட ஆக்கள் ஒருத்தருக்கும் போடமாட்டன். அண்டைக்குக் கடைசியில பிழைவிட்டானே அந்தப் பெடியன், அவனுக்குத்தான் என்ர வாக்கு."

வாயில் வந்ததைச் சொல்லவில்லை, மனசாரத்தான் சொன்னேன். ஆட்டம் முடிகிற நேரம் பந்தைக் கம்பங்களுக்கு நடுவே அடிக்காமல் அவன் தவறவிட்டதால் அணி தோற்றது. ஒருத்தரும் கிட்டப் போகவில்லை. தலைக்கவசத்தைக் கழற்றாமல் தனியே நடந்து போனான். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

கணவர் துள்ளி எழும்பினார். "டேய், இவவுக்கென்ன விசரே? இருபது யார்டில இருந்து அடிக்கத் தெரியாதவனை!"

"இருபதும் இல்லை அண்ணை, அதைவிடக் கிட்ட. காத்துக்கூட இல்லை!"

"என்ர அம்மா அடிச்சிருந்தாலும் போயிருக்கும்."

"அவ எனக்கும் அம்மாதானே அண்ணை, கட்டாயம் அடிச்சிருப்பா."

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "ஒருத்தனாவது தோளில தட்டிக் குடுத்திருக்கலாம்" என்று நான் கத்தியது அவர்கள் காதில் ஏறவே இல்லை. கோபத்தில் குசினிக்குள் போய்க் கதவை அடித்துச் சாத்தினேன். தேயிலைத் தண்ணிக்குக் கேத்தலை வைக்கும்போதுதான் அவன் அண்ணை என்று கூப்பிட்டது உறைத்தது. கேத்தலைப் பிடித்தபடி அப்படியே நின்று அழுதேன். உள்ளே அவர்கள் இன்னும் என்னைத்தான் கிழித்துக்கொண்டிருந்தார்கள். நல்லாக் கிழிக்கட்டும் என்று நினைத்தேன்.

தம்பி கனடா போய்விட்டான். அடுத்த சீசன் முடிகிற நேரம் ஃபோன் அடித்தது. "அண்ணி, சுகமா இருக்கிறியளே?" என்றான். நான் பதில் சொல்லி முடிக்கவில்லை, "அண்ணை நிக்கிறாரே? கார்ட் ரெண்டு பேரையும் பற்றிக் கதைக்க வேணும்" என்றான். ரிசீவரைக் கொடுத்தேன். கணவர் குந்திக்கொண்டு பேசினார், பேசினார், அப்படிப் பேசினார். எனக்குச் சந்தோசம் ஒரு பக்கம், எரிச்சல் ஒரு பக்கம்.

"கிக்கருக்கு என்ர வாக்கையும் கேக்கச் சொல்லுங்கோ" என்றேன்.

அவர் ரிசீவரைக் காதிலிருந்து எடுக்காமலே என் பக்கம் திரும்பினார். "உமக்கு இனி வாக்கில்லையாம்," என்றார், "தம்பி சொல்லச் சொல்லுறான்."