மாமி சொன்ன இந்தோனேசிய நாடகம்

லண்டனின் ஹவுன்ஸ்லோவில், விமானங்கள் கூரையை உரசிப் போகும் எங்கள் வீட்டில், சனிக்கிழமைப் பின்னேரங்கள் மழையும் அழுகையுமாகவே கழிந்தன. மழை வெளியே, அழுகை தொலைக்காட்சிக்குள். மாமி, பெரியம்மாவின் தம்பி மனைவி, மலேசியத் தமிழ்ப்பெண். கோலாலம்பூரிலிருந்து அவருடைய தங்கை இந்தோனேசியத் தொடர்நாடகங்களை வீடியோ கசட்டில் பதிந்து அனுப்புவார். பெரிய மாளிகைகள், பெரிய கண்கள், ஒரு சொட்டுக் கண்ணீர் கண்டால் முகத்தருகே ஓடிவரும் கமரா.

அந்த மொழி வீட்டில் மாமிக்கு மட்டும்தான் தெரியும். பெரியம்மாவுக்கோ நாடகமில்லாமல் ஏலாது. ஆகவே மாமி பக்கத்தில் இருந்து தமிழில் சொல்லிக்கொண்டே வருவார். பெரியம்மா ‘ம்’ கொட்டுவார். மற்ற நாட்களில் இருவருக்கும் பேச்சுக் குறைவு. மாமிக்குப் பிள்ளை இல்லை. அவரைத் திருப்பி அனுப்பிவிட்டுத் தம்பிக்கு வேறு பெண் பார்க்கவேண்டும் என்று பெரியம்மா குசினியில் சமைத்துக்கொண்டே அம்மாவிடம் சொன்னதை நானும் கேட்டேன். கதவடியில் நின்ற மாமியும் கேட்டார். டூட்டிங்கிலிருந்து ஒரு பெண்ணின் படம்கூட வந்திருந்தது.

அன்றைய கசட்டில், கொட்டும் மழைக்குள் ஒரு மனைவி பெட்டியோடு படியிறங்கினாள்.

“அம்மாவைப் பாக்கப் போறா அக்கா. சீக்கிரம் வந்துருவா,” என்றார் மாமி.

உள்ளே அவள் கணவன், கறுப்புத் தொப்பியும் புதுச்சட்டையுமாக, தலைநிறைய மல்லிகை வைத்த இன்னொருத்தியின் பக்கத்தில் இருந்தான். அது அவன் தங்கச்சியின் பிறந்தநாளாம்.

எனக்கு வீட்டில் கெட்டிக்காரி என்று பெயர். சும்மா இருப்பேனா? “மாமி பொய் சொல்லுறா. அவன் மற்றவளுக்கு மோதிரம் போடுறான், பாருங்கோ,” என்றேன்.

திரையில் அழுகை மட்டும், சொல்வாரின்றி, ஓடியது.

பெரியம்மா என் பக்கம் திரும்பவில்லை. “எனக்கென்ன கண் இல்லையே? நீ வாயைப் பொத்து.” பிறகு, மடியில் கிடந்த தன் கையை நீவிக்கொண்டே மாமியிடம் கேட்டார்: “நீ சொல்லு பிள்ளை. அவள் எப்ப திரும்பி வாறாள்?”

“அடுத்த கசட்ல, அக்கா.”

“வரட்டும். வந்தாப் பிறகு ஒருத்தரும் அவளைப் போகச் சொல்லேல்லை எண்டு சொல்லு.”

மாமி சொன்னார். சொல்லச் சொல்ல மூக்கை உறிஞ்சினார்.

அந்தக் கிழமையே டூட்டிங் பெண்ணின் படம் தபாலில் திரும்பிப் போனது. மாமி போய்விட்டால் மிச்ச நாடகத்தை யார் சொல்வது என்று பெரியம்மா பயந்துவிட்டார். வெகுகாலம் நான் அப்படித்தான் நம்பியிருந்தேன்.