பாதி மாத்திரை

எங்கள் வீட்டில் அப்போது எல்லோருக்கும் எல்லோர் மேலும் சந்தேகம். அம்மாவுக்கு பிரஷர். மாதம் தவறாமல் கிளினிக் போய் மாத்திரை வாங்கி வந்தும் அது இறங்குவதாக இல்லை. இப்படியே போனால் தேயிலை மலையில் கொழுந்து பறிக்கும்போதே பக்கவாதம் வந்து விழுந்துவிடுவாள் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

டாக்டருக்கு அம்மா மேல் சந்தேகம், ஒளித்து வைத்துக் கருவாடு தின்கிறாள் என்று. அப்பாவுக்கு மாத்திரை மேல் சந்தேகம். சும்மா கொடுப்பது வெறும் சுண்ணாம்பாகத்தான் இருக்கும் என்பார். எப்படியோ கருவாட்டுக்குத் தடை விழுந்தது, சம்பலில் உப்பு போன இடம் தெரியவில்லை. சப்பென்ற ரொட்டியை மென்றபடி ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டிருந்தோம்.

எனக்கோ அத்தை மேல் சந்தேகம். அப்பாவின் தங்கை, அதே லயத்து வரிசையில் பக்கத்துக் காம்பரா வீட்டில் இருந்தாள். காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் அம்மா கையை மூடிக்கொண்டு அங்கே போவாள், வெறுங்கையோடு திரும்புவாள். எனக்குத் தராத தின்பண்டம் ஏதோ அத்தை பிள்ளைகளுக்குப் போகிறது என்று முடிவுகட்டி, ஒருநாள் பின்னாலேயே போய்க் கதவிடுக்கில் கண்ணை வைத்தேன்.

அம்மா ஒரு மாத்திரையைப் பல்லால் கடித்து இரண்டாக்கினாள். ஒரு பாதி அவள் வாய்க்கு, மறுபாதி அத்தை கைக்கு.

"தலசுத்து நின்னுச்சா புள்ள?"

"எங்க அண்ணி, இப்பதான் கூடச் சுத்துது."

"எனக்கும் இப்புடித்தான் இருந்துச்சு. இதுவும் பிரஷருதான். முழுங்கு."

அத்தை கிளினிக் பக்கமே போனதில்லை. போனால் அன்றைக்குப் பேர் விழாது, நாள் சம்பளம் போய்விடும். ஒருத்தி போனால் போதாதா என்பது இருவரின் கணக்கு. அடுத்தடுத்த நிரையில் நின்று கொழுந்து பறிப்பவர்கள். சோறு, குடை, சேலை என்று எல்லாமே அவர்களுக்குப் பாதிப் பாதிதான். நோயையும் அப்படியே பங்கு போட்டிருந்தார்கள்.

அடுத்த கிளினிக்குக்குச் சிங்களம் பேச அம்மா என்னைக் கூட்டிப் போனாள். பிரஷரைப் பார்த்த நர்ஸ் மிஸ், இந்த மாதமும் கருவாடா என்று கேட்டார். உப்பில்லாமல் தின்ற ஆத்திரம் எனக்கு. அம்மா கிள்ளக் கிள்ள, பாதி மாத்திரை போகும் இடத்தைப் போட்டு உடைத்துவிட்டேன். மிஸ் திட்டவில்லை, பயந்துபோனார். அத்தையை மறுநாளே கூட்டி வரச் சொன்னார்.

மறுநாள் மூவரும் போனோம். அன்றைய பேரும் சம்பளமும் போன எரிச்சலில் அத்தை என்னோடு பேசாமலே வந்தாள். இரண்டு கையிலும் அளந்தார்கள், ரத்தம் எடுத்தும் பார்த்தார்கள். அவளுக்கு பிரஷரே இல்லை. ரத்தம் குறைவாக இருந்ததால் வந்த தலைச்சுற்று அது. அம்மா கொடுத்த பாதி மாத்திரை இருந்த அழுத்தத்தையும் இறக்கி, சரிவில் அவளை உருட்டிவிடப் பார்த்திருக்கிறது.

"அத்தைக்கு இது வேணவே வேணாமாம். நீங்கதான் முழுசா, தெனமும், காலம் பூரா முழுங்கணுமாம்" என்று மிஸ் சொன்னதை அம்மாவுக்குச் சொன்னேன்.

அத்தை சிரித்துவிட்டாள். கோபம் போய் என் தலையைத் தடவினாள். ஹட்டன் பஸ்ஸில் ஏறியதும் அம்மா மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அத்தைக்கு நோய் இல்லாதது அவளுக்குப் பிடிக்கவில்லையோ என்று அன்றைக்கு எனக்கு அம்மா மேலேயே சந்தேகம் வந்தது.

"எனக்கு இல்லேன்னா நல்லதுதானே அண்ணி? ஏன் அழுவுறீங்க?"

"ஒண்ணுமில்ல புள்ள. ரெண்டு பேருக்கும்னு நெனச்சப்ப பயமில்லாம இருந்துச்சு."

முழு மாத்திரை போட்டால் பிரஷர் இறங்கிவிடப் போகிறது, இதில் பயப்பட என்ன இருக்கிறது என்று நினைத்தபடி நான் ஜன்னலோரச் சீட்டுக்கு மாறி உட்கார்ந்தேன்.