கல் என்று தேடினால்

எங்கள் ஓட்டல் சலவைக் கூடத்தில் படுக்கை விரிப்பை ஒற்றை ஆளாக மடிக்க முடியாது. இந்த முனையை ஒருவரும் அந்த முனையை ஒருவரும் பிடித்து, உதறி, இரண்டடி முன்னால் வந்து சேர்க்க வேண்டும். ஒன்பது வருடமாக எனக்கு எதிர்முனை மடிப்பக்காதான். ஓட்டலில் எல்லோருக்கும் அவர் மடிப்பக்கா. ஓரம் ஒரு விரற்கடை விலகினாலும் "பிரி, திரும்ப மடிப்போம்" என்பார். காலை ஆறு முதல் மதியம் ஒன்று வரை அப்படி முகத்துக்கு முகம் பார்த்து நின்றால் பேசாமல் இருக்க முடியுமா? அவர் வீட்டுக் கதை எனக்கு அத்துப்படி.

அக்காவின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். வாய் ஓயாத மனிதர். லிஃப்டுக்குள் யாராவது மாட்டிக்கொண்டால், கதவைத் திறக்கும் வரை வெளியிலிருந்தே ஏதாவது சொல்லி உள்ளே இருப்பவர்களைச் சிரிக்க வைத்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் சபையில் வேதம் வாசிப்பதும் அவர்தான், இருபத்திரண்டு வருடமாக. "மைக்கே வேண்டாம். கடைசி பெஞ்சுல தூங்குறவங்கதான் பாவம்" என்று அக்கா கேலி செய்வார்.

ஒரு முறை போதகர் வெளியூர் போக வேண்டியிருந்தது. "இந்த வாரம் பிரசங்கச் செய்தியையும் நீங்களே குடுத்திடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். லிஃப்ட்காரருக்குக் கால் தரையில் பாவவில்லை. எதைப் பற்றிப் பேசப்போகிறீர்கள் என்று அக்கா கேட்டதற்கு, "ஞாயித்துக்கிழம எல்லாரோடயும் சேர்ந்து கேட்டுக்கோ" என்றாராம். சனிக்கிழமை மதியம் அக்கா வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்தபோது அவர் நாற்காலியோடு சரிந்து கிடந்தார். மேஜையில் பைபிள் மூடியிருந்தது. பக்கத்து நோட்டில் தேதியைத் தவிர ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

பக்கவாதம். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. இருபத்தாறு நாள் கழித்து வீட்டுக்கு வந்தபோது அவரிடம் மிச்சமிருந்தது ஒரே ஒரு சொல்.

"கல்."

பசித்தாலும் கல்தான், முதுகு அரித்தாலும் கல்தான். ஒரு நாளைக்கு நூறு தடவை, கெஞ்சியும் கோபித்தும். அக்கா முதலில் மோதிரத்தின் கல்லைக் காட்டினார். பிறகு வாசலில் கிடந்த கல்லையே எடுத்துவந்து மடியில் வைத்தார். அவர் அதைத் தள்ளிவிட்டார். சிறுநீரகத்தில் கல்லோ என்று ஸ்கேன் கூட எடுத்தார்கள். "கல்லும் இல்ல, மண்ணும் இல்ல" என்று டாக்டர் அனுப்பிவிட்டார்.

ஒரு நாள் போதகர் ஜெபிக்க வந்தார். பைபிளைத் திறந்ததும் லிஃப்ட்காரர் இடது கையால் அதைப் பற்றிக்கொண்டு, பக்கத்தின் மேல் அடித்து அடித்து, "கல், கல், கல்" என்றார். கண்ணில் தண்ணீர். அக்காவுக்கு அப்போதுதான் பொறி தட்டியது. மறுநாள் விரிப்பை உதறும்போது என்னிடம் சொன்னார்: "அவரு அந்தச் செய்தியத்தான் சொல்ல வர்றாரு. ஏதோ ஒரு வசனம் பாதியில நின்னுபோச்சு. அத மட்டும் கண்டுபிடிச்சு வாசிச்சுட்டா அவரு மனசு அடங்கிரும்."

எக்ஸ்ரே எடுக்கும் வேலையில் வெளியூரில் இருக்கும் மகள் லீவில் வந்தபோது, அக்காவின் போனில் வேதாகம ஆப் ஒன்றை ஏற்றிக் கொடுத்தாள். மேலே ஒரு தேடல் கட்டம். "இதுல அடிம்மா. அந்தச் சொல் எங்கெல்லாம் வருதோ அத்தனையும் வந்து விழும்."

அக்கா 'கல்' என்று அடித்தார். வந்து விழுந்தது. விரலால் தள்ளத் தள்ள முடியவே இல்லை.

"என்னடி இது, பகல்னு வர்ற இடத்தையெல்லாம் காட்டுது?"

"பகல்லயும் கல் இருக்குல்லம்மா. அதுக்கு எழுத்துதான் தெரியும், அர்த்தமா தெரியும்?"

பகல், கல்வி, சிக்கல், கல்லறை. எல்லாவற்றிலும் பாதிச் சொல் மட்டும் மஞ்சளாக மின்னியது. 'முழுச் சொல் மட்டும்' என்ற இடத்தை மகள் அழுத்தினாள். பட்டியல் சட்டென்று ஒரு கைப்பிடிக்குச் சுருங்கிவிட்டது. கல்லை, கல்லால், கல்லின்மேல் என்று வேற்றுமை ஒட்டியதெல்லாம் கழன்றுபோயிருந்தது. மகள் தலையில் கை வைத்துக்கொண்டாள். பிறகு தாயும் மகளும் உட்கார்ந்து, கல் எப்படியெல்லாம் மாறும் என்று ஒரு நோட்டில் எழுதினார்கள். ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தேட வேண்டும். லீவு முடிந்து மகள் போய்விட்டாள்.

அன்றிலிருந்து மதியம் மூன்று மணிக்கு அது நடந்தது. கணவரைத் துடைத்து, சட்டை மாற்றி, ஜன்னலோரம் சாய்த்து உட்கார வைத்து, அக்கா போனைக் கையில் எடுப்பார். ஒரு நாளைக்கு ஐந்து வசனம். தலைக்கு வைத்துப் படுத்த கல், கவணில் வைத்து எறிந்த கல், கல்லறை வாசலிலிருந்து புரட்டப்பட்ட கல். வாசித்துவிட்டு, "இதாங்க? இது இல்லையா?" என்று கேட்பார். அவர் "கல்" என்பார். அக்கா நோட்டில் பெருக்கல் குறி போட்டுவிட்டு அடுத்ததற்குப் போவார்.

மூன்று மாதம் கழித்து, விரிப்பைப் பிடித்தபடியே அக்கா திடுக்கென்று நின்றார். "அடக் கடவுளே, கற்கள்!" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. "கற்கள்னு வந்தா அதுல 'கல்' இல்லையே. அந்த ஆப்பு அதக் காட்டியே இருக்காது. எத்தனைய விட்டேனோ." பட்டியல் மறுபடி நீண்டது. பாறையைக் குறிக்கும் கன்மலையையும் சேர்க்கலாமா என்று போதகரைக் கேட்டார். சேர்த்துக்கொள்ளுங்கள் என்று அவர் தயங்கித் தயங்கிச் சொன்னாராம்.

ஒரு செவ்வாய்க்கிழமை அக்கா முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். முந்தின நாள் வாசித்த ஒரு வசனத்துக்கு அவர் தலையை ஆட்டியிருக்கிறார். ஒரு தடவையல்ல, நாலு தடவை. அக்காவின் கையையும் பிடித்துக்கொண்டாராம். அன்று வேலை முடியும் வரை அக்கா முணுமுணுவென்று பாடிக்கொண்டே இருந்தார். மாலையில் அதே வசனத்தைத் திரும்ப வாசித்திருக்கிறார். லிஃப்ட்காரர் போனைத் தட்டிவிட்டார். கண்ணாடி கீறிவிட்டது. "கல்" என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டும் வரை ஓயவில்லை.

எட்டாவது மாதம்தான் பேச்சுப் பயிற்சி தரும் பெண் ஒருத்தி வீட்டுக்கு வர ஆரம்பித்தாள். அதுவரை வரிசையில் காத்திருக்க வேண்டியிருந்தது. அக்கா அவளிடம் நோட்டைக் காட்டினார். அவள் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்த்துவிட்டு நோயாளி பக்கம் திரும்பினாள்.

"ஐயா, நீங்க லிஃப்ட் மெக்கானிக்தானே?"

தலையாட்டினார்.

"உங்களுக்கு ஒரு மகள்தானே?"

தலையாட்டினார்.

"நீங்க பொம்பளையா?"

அதற்கும் ஆட்டினார். அக்கா களுக்கென்று சிரித்துவிட்டார்.

"நாம இப்ப தண்ணிக்கு அடியில உக்காந்திருக்கோமா?"

ஆட்டினார். அக்காவின் சிரிப்பு நின்றது.

அந்தப் பெண் மெதுவாகச் சொன்னாள்: "அம்மா, மனசுல ஒண்ணு இருக்கும், வாய்ல வேறொண்ணு வரும். அவர் சொல்றது கல்தான், ஆனா நினைக்கிறது கல்லா இருக்கணும்னு இல்ல. தண்ணியா இருக்கலாம், உங்க பேரா இருக்கலாம். அந்த வாய்க்கு அது ஒண்ணுதான் வருது."

"அப்ப அன்னைக்கு பைபிளப் பிடிச்சுக்கிட்டு அழுதாரே?"

"அழுதது நெசம்மா. எதுக்குன்னு நமக்குத் தெரியாது."

இதையெல்லாம் அக்கா அடுத்த நாள் எனக்குச் சொன்னார். விரிப்பை உதறினோம், முன்னால் வந்து சேர்த்தோம். "அப்ப இத்தன மாசமா நான் என்னத்தத் தேடுனேன்?" என்றார்.

ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "வேதம் காதுல விழுந்துச்சுல்லக்கா, அதுவும் நல்லதுதானே" என்றேன்.

"நல்லதுக்கா தேடுனேன்? அவருக்கு என்ன வேணும்னு தேடுனேன்." என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் அடுத்த விரிப்பை எடுத்தேன்.

வாசிப்பதை நிறுத்தியும் பார்த்தார். மூன்று மணியானதும் லிஃப்ட்காரர் ஜன்னலோரம் போக வேண்டும் என்று இடது கையால் கட்டிலை அடிப்பாராம். மறுபடி வாசித்தால் அதற்கும் கோபப்படுவாராம். வாசிப்பதா வேண்டாமா என்பதைக் கூட யாரிடம் போய்க் கேட்பது? சில நாள் வாசித்தார், சில நாள் அவர் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தார்.

வருடம் ஒன்று முடிந்து மழை பிடித்திருந்த ஒரு காலையில், அக்கா வேலைக்கு வந்ததும் வராததுமாகச் சொன்னார்: "நேத்து புதுசா ஒரு சொல் வந்திருக்கு. 'நாளைக்கு'ங்கிறாரு."

"நல்ல சேதியாச்சே! பேச்சு திரும்புதுக்கா."

"கல் போயிருச்சு. நான் 'கல்'னு சொல்லிப் பாத்தேன். யாரோ புது ஆளப் பாக்குற மாதிரி என்னப் பாக்குறாரு. இனிமே அது என்னன்னு கேக்கவே முடியாது."

நாக்கு சும்மா இருக்கவில்லை எனக்கு. "இதையும் அந்த ஆப்புல போட்டுப் பாத்தீங்களா?"

"போட்டேன்."

"எவ்வளவு வந்துச்சு?"

"பாக்கல. அவர பாத்ரூமுக்குக் கூட்டிட்டுப் போற நேரம். மூடிட்டேன்."

இப்போதும் அவர் 'நாளைக்கு' என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார், பசித்தாலும், முதுகு அரித்தாலும். பயிற்சிக்கு வந்த பெண் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டாள், அவளுக்குப் பதிலாக இன்னும் யாரும் வரவில்லை. அக்கா மதியம் மணி ஒன்று அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போதே செருப்பை மாட்டிக்கொள்வார். காலையில் லிஃப்ட்காரரைப் பார்த்துக்கொள்ளும் மாடி வீட்டம்மாவுக்கு இரண்டு மணிக்கு வேலை. அதற்குள் இவர் வீடு போய்ச் சேர வேண்டும்.